"நல்ல நர்ஸ் என்ன செய்வாரோ அதைச் செய்" என்பது ஒரு பதிலா?

கேள்வி: தென்மாவட்டம் ஒன்றில் நர்சிங் கல்லூரி ஆசிரியையாக இருக்கிறேன். மூன்றாம் ஆண்டு மாணவிகளுக்கு அறவியல் பாடம் எடுக்கிறேன். விளைவை வைத்துச் சரி தவறு சொல்லும் பயன்வாதம், கடமையை வைத்துச் சொல்லும் கடமைவாதம் இரண்டையும் எடுக்கும்போது வகுப்பு குறிப்பெடுக்கிறது. நல்ல குணத்திலிருந்து தொடங்கும், அரிஸ்டாட்டில் வழிவந்த நற்பண்பு அறவியலுக்கு வந்தால் சிரிக்கிறது. போன மாதம் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "வார்டில் காலை 10 மணிக்குப் போட வேண்டிய வான்கோமைசின் ஆன்டிபயாடிக்கை 12 மணிக்குத்தான் போட முடிந்தது. '10-ன்னே எழுதிரு, எதுக்கு வம்பு'ன்னு சீனியர் சிஸ்டர் சொன்னாங்க. நல்ல நர்ஸ் என்ன செய்வாங்களோ அதைச் செய்யச் சொல்றார் உங்க அரிஸ்டாட்டில். எனக்குத் தெரிஞ்சு அந்த சிஸ்டர்தான் நல்ல நர்ஸ். அப்போ?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இந்தக் கோட்பாட்டின் பலம், பலவீனம் என்ன? சக ஆசிரியர் இதை விட்டுவிடச் சொல்கிறார். விடலாமா? எடுப்பதென்றால் ஒரு மணி நேர வகுப்பில் எப்படி எடுப்பது? அந்தப் பெண்ணிடம் என்ன சொல்வது?

பதில்: அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

விட வேண்டாம். ஆனால் எந்தச் சிக்கலுக்கும் விடை சொல்லும் சூத்திரம் என்ற தோரணையில் எடுக்கவும் வேண்டாம். வகுப்பு சிரிப்பது அந்தத் தோரணையைப் பார்த்துத்தான். அந்த மட்டில் அவர்கள் சிரிப்பது நியாயமே.

முதலில், பாடநூல்களின் ஒரு பக்கச் சுருக்கங்கள் செய்துவைக்கும் இரண்டு கோளாறுகளைச் சரிசெய்துவிடுவோம். "மற்றக் கோட்பாடுகள் செயலைப் பற்றிப் பேசும், இது குணத்தைப் பற்றிப் பேசும்" என்று போட்டிருப்பார்கள். பாதிதான் சரி. கடமைவாதத்துக்குத் தலைமகனான இம்மானுவேல் கான்ட் 1797-இல் வெளியிட்ட அறநூலின் இரண்டாம் பாகம் முழுக்க நற்பண்புகளைப் பற்றியது. பயன்வாதியான ஜான் ஸ்டுவர்ட் மில்லும் நற்பண்பைக் குறைத்துப் பேசியவர் இல்லை. எது அடித்தளம், எது மேல்கட்டு என்பதில்தான் வேறுபாடு. பயன்வாதிக்கு நேர்மை நல்லது, ஏனென்றால் அது நல்ல விளைவைத் தரும். கடமைவாதிக்கு நேர்மை நல்லது, ஏனென்றால் அது கடமையில் நம்மை நிலைக்கவைக்கும். நற்பண்பு அறவியலில் வரிசை தலைகீழ். மனித வாழ்வு செழிக்க நேர்மை, துணிவு, கருணை, நியாயம் எல்லாம் வேண்டும். ஒரு செயல் சரியா தவறா என்பதே அந்தப் பண்புகளிலிருந்து பிறக்கிறது. செழித்த வாழ்வைக் கிரேக்கத்தில் யூடைமோனியா என்பார்கள். "மகிழ்ச்சி" என்று மொழிபெயர்த்துவிட்டால் மாணவிகள் சினிமா டிக்கெட்டை நினைத்துக்கொள்வார்கள். "நல்லா வாழ்ந்தாங்க" என்று ஒருவர் போன பிறகு ஊரார் சொல்வோமே, அந்தப் பொருள் நெருக்கமாக வரும்.

இன்னொரு கோளாறு, "நடுவழி". அரிஸ்டாட்டில் எதிலும் மிதமாக இருக்கச் சொன்னார் என்றே பலரும் படிக்கிறார்கள். அவரே தரும் உதாரணத்தைச் சொல்லுங்கள், போதும். ஒருவருக்கு 10 மினா எடை உணவு அதிகம், 2 மினா குறைவு என்றால், பயிற்சியாளர் கூட்டி வகுத்து 6 மினா என்று எழுதித்தர மாட்டார். மைலோ என்ற மல்லனுக்கு 6 மினா போதாது. புதிதாகப் பயிற்சிக்கு வந்தவனுக்கு அதுவே அதிகம். டோஸ் கணக்குப் போடத் தெரிந்த மாணவிகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். பெரியவர் டோஸுக்கும் பச்சைக் குழந்தை டோஸுக்கும் நடுவில் ஒரு எண்ணை எடுத்து யாரும் எல்லாருக்கும் கொடுப்பதில்லை. ஆளைப் பார்த்து, நேரம் பார்த்து, காரணம் பார்த்துச் சரியான அளவு. கோபத்துக்கும் இதே கதைதான். கோபப்பட வேண்டிய இடத்திலும் கோபப்படாதவரை அவர் மெச்சவில்லை. மந்தம் என்றே சொல்கிறார். திருட்டு, கொலை போன்றவற்றுக்கு நடு என்பதே கிடையாது என்றும் தெளிவாக எழுதியிருக்கிறார். அளவோடு திருடுவது என்று ஒன்று இல்லை.

இனி பலம். மூன்றைச் சொல்கிறேன். மூன்றும் வார்டில் கண்ணால் பார்க்கக்கூடியவை.

மைக்கேல் ஸ்டாக்கர் என்ற தத்துவவாதி 1976-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் மருத்துவமனைக் காட்சி ஒன்று வரும். நீங்கள் நீண்ட நாளாகப் படுக்கையில் கிடக்கிறீர்கள். நண்பர் பார்க்க வருகிறார். மனம் நிறைந்து நன்றி சொல்கிறீர்கள். அவரோ, "வருவது என் கடமை, அதனால்தான் வந்தேன்" என்கிறார். தன்னடக்கத்துக்காகச் சொல்கிறார் என்று நினைக்கிறீர்கள். பேசப் பேச, அவர் சொன்னது அப்படியே உண்மை என்று தெரிகிறது. சப்பென்று ஆகிவிடுகிறதல்லவா? செயலில் குறை ஒன்றுமில்லை. பழம் வந்தது, ஆளும் வந்தார். வராதது எதுவோ அதைப் பற்றிப் பேசக் கடமைவாதத்திடமும் பயன்வாதத்திடமும் எளிதில் சொல் கிடைப்பதில்லை. இந்தக் கோட்பாட்டிடம் இருக்கிறது. ஐ.வி. லைன் மாற்றும்போது நோயாளியின் முகத்தைப் பார்த்துச் செய்பவருக்கும் மாட்டிவிட்டுப் போகிறவருக்கும் உள்ள வித்தியாசத்தை நோயாளிகள் முதல் நாளிலேயே கண்டுகொள்கிறார்கள்.

அடுத்தது, பார்வை. விதி தானாக வந்து பொருந்தாது. இது அந்த விதிக்குரிய இடம் என்று யாராவது பார்க்க வேண்டும். அறுவை சிகிச்சை முடிந்த இரண்டாம் நாள், வலி எப்படி இருக்கிறது என்று கேட்டால் சுவரைப் பார்த்தபடி "ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்கிறார் ஒரு பாட்டி. வலி அளவு 0 என்று எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போகலாம். எந்த விதியும் மீறப்படவில்லை. நின்று, போர்வைக்குள் அவர் கை இறுக்கிப் பிடித்திருப்பதைக் கவனிப்பதற்கு விதி எழுத முடியாது. எழுதினாலும் அந்த விதி பொருந்தும் இடத்தைக் கவனிக்க இன்னொரு கண் வேண்டும். அரிஸ்டாட்டில் ஃப்ரோனீசிஸ் என்று சொல்லும் நடைமுறை விவேகம் இந்தக் கண்தான். இளைஞர்கள் கணக்கில் மேதை ஆகிவிடலாம், விவேகி ஆக முடியாது, அதற்கு அனுபவம் வேண்டும் என்று அவர் சொல்வதும் இதனால்தான். (மூன்றாம் ஆண்டு வகுப்பில் இந்த வரியைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.)

மூன்றாவது, பயிற்சி. கட்டிக் கட்டித்தான் கொத்தனார் ஆகிறார். யாழை வாசித்து வாசித்துத்தான் இசைஞர் ஆகிறார். நியாயமாக நடந்து நடந்துதான் ஒருவர் நியாயவான் ஆகிறார். செவிலியர் கல்வி முழுக்க இந்த நம்பிக்கையில்தானே ஓடுகிறது? இதில் தத்துவவாதி ஜூலியா அன்னாஸ் போட்ட திருத்தம் முக்கியம். பண்பு என்பது பழக்கத் தடம் மட்டும் ஆகாது, திறமையைப் போன்றது என்பது அவர் கட்சி. திறமையைக் கற்பவர் "எப்படி" என்பதோடு "ஏன்" என்றும் கேட்பார். ஆசிரியரைத் தாண்டிப்போகவும் பார்ப்பார். கண்மூடிப் பின்பற்றுகிறவர் ஆசிரியரின் கெட்ட பழக்கத்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்வார். உங்கள் மாணவிக்கான பதிலில் பாதி இங்கேயே இருக்கிறது.

இனி பலவீனம். இங்கே கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும்.

"என்ன செய்வது என்று சொல்லவில்லை" என்பதுதான் பழைய குற்றச்சாட்டு. 1984-இலேயே தத்துவவாதி ராபர்ட் லௌடன் இதை விரிவாக எழுதினார். நற்பண்பு அறவியல் தரப்பில் ரோசலிண்ட் ஹர்ஸ்ட்ஹவுஸ் தந்த பதில் பெயர்பெற்றது: ஒவ்வொரு பண்பும் ஒரு கட்டளையைத் தருகிறது. நேர்மையானதைச் செய். ஒவ்வொரு தீக்குணமும் ஒரு தடையைத் தருகிறது. கோழைத்தனமானதைச் செய்யாதே, அற்பத்தனமானதைச் செய்யாதே. தமிழில் திட்டுவதற்கு இருக்கும் சொற்களை எண்ணிப்பாருங்கள், எத்தனை தடைகள் நம் கைவசம் இருக்கின்றன என்று தெரியும். வெறும் "நல்லதைச் செய்" என்பதைவிட இது எவ்வளவோ கூர்மை. சார்ட் விஷயத்துக்கு இதுவே போதும்: 12-ஐ 10 என்று எழுதுவது பொய், வம்புக்குப் பயந்து எழுதுவது கோழைத்தனம்.

ஆனால் இரண்டு பண்புகள் மோதும்போது? "எனக்கு என்ன நோய்?" என்று புற்றுநோயாளி உங்களைக் கேட்கிறார், சொல்ல வேண்டாம் என்று மகன் கும்பிட்டுக் கேட்டிருக்கிறார். நேர்மை ஒரு பக்கம் இழுக்கும், கருணை மறுபக்கம் இழுக்கும். பல மோதல்கள் வெறும் தோற்றமே, உண்மையான கருணை எது என்று புரிந்தால் மோதல் கரைந்துவிடும் என்கிறார் ஹர்ஸ்ட்ஹவுஸ். சில இடத்தில் கரையும். நோயாளிக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று முதலில் விசாரித்து, சிகிச்சை மருத்துவரை அழைத்துவந்து அவர் மூலமாகப் பேசவைப்பது இரண்டு பண்புக்கும் உகந்த வழி. ஆனால் எல்லா மோதலும் இப்படிக் கரையும் என்பது வெறும் நம்பிக்கை. கரையாத இடத்தில் இந்தக் கோட்பாடு கை விரிக்கிறது. மற்ற இரண்டும் அங்கே ஒரு விடையைச் சொல்கின்றன. சரியான விடையா என்பது வேறு கேள்வி. ஒன்று மட்டும் இதற்குச் சாதகமாகச் சொல்லலாம்: கரையாத சிக்கலில் எதைச் செய்தாலும் மனதில் ஒரு முள் தங்கும் என்பதையும், அந்த முள் தங்குவதே நல்ல மனதுக்கு அடையாளம் என்பதையும் இது ஒப்புக்கொள்கிறது. "சரியான விடை போட்டாச்சு, அப்புறம் ஏன் அழறே?" என்று கேட்பதில்லை.

நர்சிங் மாணவிக்கு அதைவிட முக்கியமான ஒரு குறை உண்டு. பாடநூல்கள் பெரும்பாலும் இதைத் தொடுவதே இல்லை. தத்துவவாதி ராபர்ட் ஜான்சன் 2003-இல் வைத்த எதிர்வாதம் அது. வாயைத் திறந்தால் பொய் சொல்கிற ஒருவர் திருந்த முயல்கிறார். தான் சொன்ன பொய்களை நோட்டில் எழுதிவைத்துக் கணக்குப் பார்க்கிறார். அது நல்ல காரியம்தான். ஆனால் முழு நேர்மையாளர் அப்படி நோட்டு வைக்க மாட்டார். அவருக்கு அது தேவையில்லை. ஆக, "நல்லவர் செய்வதைச் செய்" என்ற விதி, திருந்திக்கொண்டிருப்பவர் செய்ய வேண்டியதைத் தவறவிடுகிறது. இதை வார்டுக்குக் கொண்டுவாருங்கள். கைதேர்ந்த ஸ்டாஃப் நர்ஸ் நரம்பு கிடைக்காத கையிலும் ஒரே குத்தில் கேனுலா போட்டுவிடுவார். அவர் செய்வதை மாணவி செய்தால் பாட்டியின் கை வீங்கும். மாணவி செய்ய வேண்டியது, ஒரு முயற்சி தவறியதும் கையை எடுத்துவிட்டு மூத்தவரை அழைப்பது. கைதேர்ந்தவர் அதைச் செய்வதில்லை. கற்கிறவர்களுக்கென்று தனிப் பண்புகள் உண்டு: கேட்கத் தயங்காமை, தன் தவறை உடனே சொல்லுதல், எல்லை அறிதல். உங்கள் வகுப்பில் "நல்ல நர்ஸ் என்ன செய்வார்" என்ற கேள்வியை "நல்லபடியாகக் கற்றுக்கொண்டிருக்கும் மாணவி என்ன செய்வார்" என்று மாற்றிவிடுங்கள். சிரிப்பு பாதி அடங்கிவிடும்.

அடுத்து, யாருடைய பண்புப் பட்டியல் என்ற கேள்வி. அரிஸ்டாட்டில் அடிமை முறையை ஆதரித்தவர். பெண்களின் ஆராயும் ஆற்றலுக்கு அதிகாரம் இல்லை என்று எழுதியவர். அவரை விடுங்கள், உங்கள் கல்லூரி விழாவுக்கே வாருங்கள். விளக்கேற்றி எடுக்கும் நைட்டிங்கேல் உறுதிமொழியை ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் எழுதவில்லை; 1893-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், லிஸ்ட்ரா கிரெட்டர் தலைமையிலான குழு எழுதியது. தூய வாழ்வு வாழ்வேன், மருத்துவருக்கு அவர் பணியில் விசுவாசத்தோடு உதவுவேன் என்றெல்லாம் அதில் இருந்தது. அந்தக் காலத்தில் நல்ல நர்ஸின் பண்பு விசுவாசம், அதாவது கீழ்ப்படிதல். இன்று நீங்கள் கற்பிப்பது நோயாளிக்காகக் குரல் கொடுப்பதை. பட்டியல் மாறியிருக்கிறது, மாறியது நல்லதும்கூட. ஆனால் எந்தப் பட்டியல் சரி என்று சொல்வதற்குப் பட்டியலுக்கு வெளியே ஒரு பிடி தேவைப்பட்டது: நோயாளியின் நலம், உரிமை. அந்தப் பிடியைப் பயன்வாதமும் கடமைவாதமும்தான் அதிகம் கொடுத்தன என்பது என் கணிப்பு.

இதன் கூடப் பிறந்த சிக்கல் ஒன்றும் உண்டு. நல்லவர் செய்வது சரி. சரியானதைச் செய்பவர் நல்லவர். வட்டமடிக்கிறதே? நல்லவர் யார் என்பதைச் செழித்த வாழ்வை வைத்துத் தனியாக விளக்கினால் வட்டம் உடையும். விளக்காமல் விட்டால் உங்கள் மாணவியிடம் மாட்டிக்கொள்வீர்கள். அவள் அந்த வட்டத்துக்குள் சரியாகக் கால் வைத்துத்தான் கேட்டாள்.

இப்போது பெரிய அடி. குணம் என்று ஒன்று நாம் நினைப்பதுபோல் நிலையாக இருக்கிறதா என்றே உளவியல் கேட்டது. 1973-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் இறையியல் மாணவர்கள் 40 பேரை வைத்து ஜான் டார்லியும் டேனியல் பேட்சனும் நடத்திய சோதனை பிரபலம்: வழியில் ஒருவர் இருமிக்கொண்டு சரிந்து கிடக்கிறார், அவசரமில்லாதவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள், கடும் அவசரத்தில் இருந்தவர்களில் 10 சதவீதம் பேர்தான். ஆனால் உங்கள் வகுப்புக்கு அதைவிடப் பொருத்தமானது சார்லஸ் ஹோஃப்லிங் குழு 1966-இல் வெளியிட்ட ஆய்வு.

மாலை ஷிஃப்ட். வார்டில் ஒரு நர்ஸ் தனியாக இருக்கிறார். முன்பின் பார்த்திராத ஒரு மருத்துவர் போனில் அழைத்து, குறிப்பிட்ட நோயாளிக்கு "ஆஸ்ட்ரோடென்" 20 மில்லிகிராம் கொடுக்கச் சொல்கிறார். பத்து நிமிடத்தில் வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்கிறார். டப்பாவின் மேல் தெளிவாக எழுதியிருக்கிறது: வழக்கமான டோஸ் 5, ஒரு நாளைக்கு அதிகபட்சம் 10. போனில் ஆர்டர் வாங்கக் கூடாது என்பது மருத்துவமனை விதி. மருந்து அனுமதிப் பட்டியலிலேயே இல்லை. 22 நர்ஸ்களில் 21 பேர் எடுத்துக்கொண்டு படுக்கையை நோக்கி நடந்தார்கள். வழியில் நிறுத்தப்பட்டார்கள், மாத்திரையில் இருந்தது வெறும் குளுக்கோஸ். இன்னொரு பக்கம், இதே சூழ்நிலையைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்து, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று 21 நர்சிங் மாணவிகளிடம் கேட்டார்கள். 21 பேருமே கொடுக்க மாட்டோம் என்றார்கள்.

வகுப்பில் இந்த இரண்டு எண்களையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் இருங்கள்.

அந்த 21 நர்ஸ்களும் கெட்டவர்களா? கில்பர்ட் ஹார்மன், ஜான் டோரிஸ் என்ற தத்துவவாதிகள் இதுபோன்ற ஆய்வுகளை வைத்து, நிலையான குணம் என்பதே பெரும்பாலும் நம் கற்பனை என்றார்கள். அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை என்பதற்கு 1977-இல் வந்த இன்னொரு ஆய்வு சாட்சி. ராங்க், ஜேக்கப்சன் என்ற இருவர் அதே சோதனையைச் சற்று மாற்றி நடத்தினார்கள். நர்ஸ்களுக்கு நன்றாகத் தெரிந்த வேலியம் மருந்து, அளவுக்கு மீறிய டோஸ். ஆனால் பக்கத்தில் இருப்பவர்களிடம் கலந்து பேச வழி இருந்தது. 18 பேரில் 2 பேர்தான் கொடுக்கத் தயாரானார்கள். பதினோரு ஆண்டு இடைவெளியில் செவிலியர்களின் தன்மதிப்பும் மாறியிருக்கும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனாலும் மருந்தைப் பற்றிய அறிவும், "அக்கா, இதைப் பாருங்களேன்" என்று கேட்க ஒரு ஆளும் இருந்தால் எவ்வளவு மாறுகிறது என்று தெரிகிறது. துணிவு என்பது ஒருவர் நெஞ்சுக்குள் பூட்டிவைத்த சரக்காக இருந்தால் இந்த வித்தியாசம் வந்திருக்காது.

இதிலிருந்து பாடத்துக்கு வேண்டியது: குணத்தை வளர்க்க நினைக்கிறவர்கள் வார்டின் ஏற்பாட்டையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். மருந்து எடுத்துவைக்கும் நேரத்தில் குறுக்கே பேச்சுக் கொடுக்காமை, அபாயமான மருந்துகளுக்கு இருவர் சரிபார்த்தல், வாய்மொழி ஆர்டரைத் திருப்பிப் படித்து உறுதி செய்தல், தாமதத்தை எழுதினால் திட்டு விழாத சூழல். இவை பண்புக்கு மாற்று ஆகிவிடாது. பண்பு வேர் பிடிக்க இவை மண். அரிஸ்டாட்டிலும் நல்ல சட்டம் உள்ள ஊரில்தான் நல்ல பழக்கம் வரும் என்று சொன்னவர்தான். பின்னால் வந்த பாடநூல்கள் அந்தப் பகுதியை உதிர்த்துவிட்டன.

ஐ.சி.யு.வில் ஒரே படுக்கை, வெளியே இரண்டு நோயாளிகள், யாருக்குக் கொடுப்பது போன்ற பங்கீட்டுக் கேள்விகளுக்கு இந்தக் கோட்பாட்டை இழுக்க வேண்டாம். அதற்குப் பொதுவிதி வேண்டும். முன்பின் தெரியாத இருவரும் ஒரே அளவுகோலை எதிர்பார்ப்பார்கள்; டியூட்டியில் இருப்பவரின் விவேகத்தை நம்பச் சொல்ல முடியாது. 1979-இல் பீச்சமும் சில்ட்ரஸும் கொடுத்த நான்கு கொள்கைகள் (நோயாளியின் சுயமுடிவு, நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நியாயம்) மருத்துவ அறவியலில் நிலைத்ததற்கு இந்தத் தேவையும் ஒரு காரணம்.

ஒரு மணி நேர வகுப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கோட்பாட்டை முதலில் சொல்லாதீர்கள். அந்த வான்கோமைசின் கதையையே, ஆளும் வார்டும் தெரியாதபடி மாற்றி, ஐந்து வரியில் படித்துக் காட்டுங்கள். முதல் 10 நிமிடம் "என்ன செய்வீர்கள்" என்று கேட்காமல் "இதில் என்னென்ன பார்க்கிறீர்கள்" என்று கேளுங்கள். பலர் மாணவியையும் சிஸ்டரையும் மட்டும் சொல்வார்கள். இரவு டியூட்டி நர்ஸ், ரத்தப் பரிசோதனை, நோயாளி எல்லாம் வரும்வரை விடாதீர்கள். அடுத்த 10 நிமிடம், 10 என்று எழுதுவதற்குப் பொருந்தும் சொற்களைத் தமிழிலேயே சொல்லச் சொல்லுங்கள். "சமாளிப்பு", "பயம்", "விசுவாசம்", "மழுப்பல்" என்று வரும். "அட்ஜஸ்ட்மென்ட்" என்று ஒன்று கட்டாயம் வரும். அதை விடாமல் பிடித்து, அது நற்பண்பா தீக்குணமா என்று வாதாட விடுங்கள். பிறகு 15 நிமிடம் ஹோஃப்லிங் எண்கள். மீதியில் கோட்பாட்டின் பெயர், மைலோவின் உணவு, ஜான்சனின் நோட்டுக்காரர். கடைசி 5 நிமிடத்துக்கு ஒரு எழுத்துக் கேள்வி: "12 என்று உண்மையை எழுதுவதை உங்கள் வார்டில் கடினமாக்குவது எது? ஒன்றைச் சொல்லி, அதை மாற்ற ஒரு வழி சொல்லுங்கள்." மாணவியின் குணத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள், போட ஆரம்பித்தால் நல்லவள் மாதிரி எழுதத்தான் கற்றுக்கொள்வாள். "நேர்மை", "கருணை" என்று சார்ட் பேப்பரில் எழுதி ஒட்டுவதையும் விட்டுவிடலாம்.

அந்த வகுப்பில் யாராவது ஒருத்தி எழுந்து, நன்மை தரும் என்றால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்று வள்ளுவர் சொன்னாரே என்பாள். 292-ஆவது குறள். தயாராக இருங்கள். அதில் "புரைதீர்ந்த நன்மை" என்ற நிபந்தனை இருக்கிறது, குற்றம் கலவாத நன்மை. இங்கே அந்த நிபந்தனை நிறைவேறுகிறதா என்று கேளுங்கள். 12 மணிக்கு ஏற்றிய மருந்தை 10 என்று எழுதினால் அடுத்த டோஸ் இரவு 10 மணிக்குப் போகும். இடைவெளி 12 மணி நேரத்துக்குப் பதில் 10 ஆகிவிடும். அதற்கு முன் 9.30-க்கு மருந்தளவு பார்க்க ரத்தம் எடுத்தால், ஆய்வக எண் உண்மையைவிடக் கூடுதலாகத் தோன்றும். மருத்துவர் சார்ட்டைப் பார்த்து, மருந்து உடலில் தேங்குகிறது என்று டோஸைக் குறைப்பார். கிருமிக்குப் போதாத அளவில் சிகிச்சை தொடரும். மிச்சமான நன்மை சிஸ்டருக்கு ஒரு விளக்கம் எழுதும் வேலை குறைந்தது மட்டும். பலரும் விளைவைப் பார்க்கும் இடம் என்று சுட்டுகிற குறளும் இந்தப் பொய்யை ஏற்காது. மனத்தூய்மையே அறம் என்னும் 34-ஆவது குறள் ஏற்காது என்பதைச் சொல்லவே வேண்டாம்.

கடைசியாக அந்தப் பெண். "அந்த சிஸ்டர் நல்ல நர்ஸ் இல்லை" என்று சொல்லிவிடாதீர்கள். அது பொய்யாகவும் இருக்கலாம். உங்கள் பேச்சின் மேல் அவளுக்கிருக்கும் நம்பிக்கையும் போய்விடும். ஒரு பண்பு முழுமையாக இருந்தால் எல்லாப் பண்பும் இருக்கும் என்று அரிஸ்டாட்டில் நினைத்தார். அவர் கோட்பாட்டில் எனக்கு ஒப்பாத பகுதி அதுதான். நாம் பார்க்கும் மனிதர்கள் கலவைதான். கை சுத்தம், நோயாளியிடம் கனிவு, வேகம் மூன்றும் நிறைந்த ஒருவர், பதிவு எழுதும் இடத்தில் கோழையாக இருக்கலாம். ஆகவே மூத்தவரை மொத்தமாக நகலெடுக்கச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு செயலாக எடுத்து, "இதை ஏன் செய்றீங்க சிஸ்டர்?" என்று கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கேனுலாவைப் பற்றிக் கேட்டால் அந்த சிஸ்டர் கால் மணி நேரம் விளக்குவார். "எதுக்கு 10-ன்னு எழுதறோம்?" என்று கேட்டால் "எதுக்கு வம்பு" என்பதற்கு மேல் சொல்ல அவரிடம் ஒன்றும் இருக்காது. எதைக் கற்க வேண்டும், எதை விட வேண்டும் என்பது அங்கேயே அவளுக்குத் தெரிந்துவிடும்.

நடைமுறையில், பதிவில் 10 என்றே எழுதியிருந்தால், அதில் கையெழுத்து யாருடையது என்று முதலில் கேளுங்கள். அவளுடையது என்றால், 10 என்பதன் மேல் ஒரே கோடு, பக்கத்தில் உண்மையான நேரம், தாமதத்துக்குக் காரணம், இன்றைய தேதியும் நேரமும் போட்டு அவள் கையெழுத்து. ஒயிட்னர் கூடாது, மேலெழுத்தும் கூடாது. சிஸ்டருடையது என்றால் மாணவி அதைத் தொடக் கூடாது. உங்களிடம் சொல்லட்டும், நீங்கள் இன்சார்ஜிடம் பேசுங்கள். சிகிச்சை மருத்துவருக்கு உண்மையான நேரம் இன்றே தெரிய வேண்டும். நோயாளி இன்னும் வார்டில் இருந்தால், கடைசியாக எடுத்த மருந்தளவுப் பரிசோதனையின் எண்ணை அந்த நேரத்தோடு சேர்த்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். இன்சார்ஜிடம் போகும்போது அவளையும் கூட்டிப்போவதா என்பதை அவளிடமே கேளுங்கள். வருகிறேன் என்றால் அவள் பேச வேண்டிய முதல் வாக்கியத்தை முன்கூட்டியே ஒரு முறை உங்களிடம் சொல்லிப் பார்க்கட்டும்: "சிஸ்டர், பெட் நம்பர் இத்தனை, வான்கோ 12 மணிக்குத்தான் போட்டோம், சார்ட்ல 10-ன்னு இருக்கு."